கைப்பையில் வைக்க வேண்டியவை

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. நானும் உங்கள் பேத்தி வாண்டுவும் சுகம். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று உங்களையே கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அதனால் உங்களைக் கேட்கவில்லை. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கேட்டு எழுதுங்கள்.

பள்ளி விடுமுறைக்கு நீங்கள் இங்கே வருவது உறுதிதானே? வாண்டு வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். தாத்தா பஸ் கண்டக்டராக இருந்தவர் என்றதும் ஒரு பிள்ளை "அப்போ பிளேன்லயும் விசில் ஊதுவாரா?" என்று கேட்டதாம். ஊதுவார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இனி உங்கள் பாடு.

விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. கடல் தாண்டி வருகிறவர்கள் பாஸ்போர்ட்டை மறப்பதில்லை. மறப்பதெல்லாம் சின்னச் சாமான். போன வாரம் ஒரு பெரிய மனிதர் இரண்டு இடதுகால் ஷூவோடு வந்து இறங்கினார். இந்த ஊர்ச் சுவரில் நுழையாத பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதவர்கள் குறைவு. ஆகவே பிளக்குக்கு மாற்று முனை வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போட வேண்டாம். பெட்டி வழி தவறிப் போனாலும் மாத்திரை உங்களோடு இருக்க வேண்டும், எல்லாம் கைப்பையில். கூடவே டாக்டர் எழுதிய சீட்டு, இரண்டாவது மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுச் சட்டை. அப்புறம் ஒரு பேனா. இறங்குவதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அப்போது விமானமே பேனாவுக்குக் கையேந்தி நிற்கும்.

அவருக்கு இப்போது வெளியூரில் வயரிங் வேலை. பெரிய கட்டடம். அவ்வப்போதுதான் வர முடிகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 27

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் வீடும் நலம். சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக மருந்துக்கடைக்காரர் சொல்லச் சொன்னார். நான் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

மறதியைப் பற்றி என்னிடமா பேசுகிறாய்? வேலையில் இருந்த காலமெல்லாம் ஜனங்கள் விட்டுப் போனதைப் பொறுக்கியவன் நான். குடை, செருப்பு, சாப்பாட்டுப் பாத்திரம். ஒரு தடவை பல்செட். அதற்குச் சொந்தக்காரர் டிப்போவுக்கு வந்து, பேச்சு குழறியதால் வாயைத் திறந்து திறந்து காட்டினார். மேனேஜர் அவருக்குப் பசி என்று நினைத்து ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பார்த்த பார்வை இருக்கிறதே!

பெட்டி ஒன்று தயார். நான் கொண்டுவர வேண்டியதை நீ சொல்லிவிட்டாய். உனக்கும் வாண்டுவுக்கும் என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் எழுதாதே. காலிப் பெட்டியோடு வந்து இறங்கினால் என் மானம் கப்பலேறிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன படத்தில் இளைத்துத் தெரிந்தாய்.

மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. இருவரும் நலம். வாண்டுவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உங்கள் பல்செட் கதையை விடுதியில் சொன்னேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த துண்டெல்லாம் சரிந்துவிட்டது.

எனக்கு ஊக்கு ஓர் அட்டை. இங்கே கிடைப்பவை வளைந்துவிடுகின்றன. வாண்டுவுக்குத் தமிழ் எழுத்துப் படம் போட்ட புத்தகம். பேசுகிறாள், எழுத வரவில்லை. அவ்வளவுதான், பெட்டியை நிரப்பிவிடாதீர்கள்.

எல்லாத் தாள்களுக்கும் நகல் எடுத்து, அசல் ஓரிடத்திலும் நகல் வேறிடத்திலும் வையுங்கள். எங்கள் முகவரியை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நகவெட்டி மட்டும் பெரிய பெட்டிக்குள்.

அழைப்புத் தாளில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவருக்கு வந்து போட நேரமில்லை. விசா அலுவலகத்தில் கேட்டால், மகன் இந்த முகவரியில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள் மாமா. அதற்கு மேல் பேச்சை வளர்க்க வேண்டாம்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 8

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம்தான். லேசாக இருமல் இருந்தது, அதுவும் கிளம்பிவிட்டது.

நேற்று ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் அடுக்கி, பெட்டியை அழுத்தி மூடிப் பூட்டி, ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். சாவி உள்ளே இருந்தது. மருந்துக்கடைக்காரரும் நானும் திருடர்களைப்போல உட்கார்ந்து நோண்டினோம். "வெளிநாட்டுல இதெல்லாம் செஞ்சா உள்ள வெச்சிருவாங்க அண்ணே" என்கிறார்.

இந்த மாதக் கடைசியில் விசாவுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே என்ன கேட்டாலும் சமாளித்துக்கொள்கிறேன். அதைப் போட்டு நீ உழப்பிக்கொள்ளாதே. வேலை முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. பிறகு மற்ற வேலை.

மாமா


மே 2

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். இந்தக் கடிதத்தை வாண்டு தூங்கிய பிறகு படி.

விசா அலுவலகம் போய் வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"மருமகளையும் பேத்தியையும்."

"மகன் இல்லையா?"

"இருக்கான்."

"இந்த முகவரியிலயா?"

நீ சொல்லிக் கொடுத்த பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"இல்லம்மா. அவன் வீட்டை விட்டுப் போயிட்டான். வேற ஒருத்தங்களோட இருக்கான்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்புறம் மருமகள் எதுக்கு உங்களைக் கூப்பிடுறாங்க?"

"அவ இன்னும் என்கிட்ட அதைச் சொல்லலை. சொன்னா வரமாட்டேன்னு பயப்படுறா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷம் பொறந்ததும் பையனே மருந்துக்கடைக்குப் போன் பண்ணினான். 'நான் அங்க இல்லைப்பா, நீங்க வர வேண்டாம்'னான்."

"அவரே வர வேண்டாம்னு சொல்றார். அப்புறமும் ஏன் போறீங்க?"

"அவன் இல்லைன்னுதாம்மா போறேன்."

அவள் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். "தகவல் வரும், போயிட்டு வாங்க" என்றாள்.

நீ உன் வாயால் சொல்கிறவரை நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கடைசியில் உன்னிடம் பேச வேண்டியதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கண்ணாடி வழியாகப் பேசிவிட்டேன். அதைச் சொல்லாமல் வந்து உன் வீட்டில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

வேறொன்றும் இல்லை. ஊக்கு வாங்கிவிட்டேன்.

மாமா


மே 30

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. விசா வந்துவிட்டது. உன் கடிதம் வரவில்லை.

தபால்காரர் என்னைக் கண்டால் தெருமுனையிலிருந்தே கையை விரிக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

வர வேண்டாம் என்றாலும் எழுது. கோபம் என்றாலும் எழுது. எழுத முடியவில்லை என்றால் வாண்டுவிடம் கொடுத்து ஒரு கோடு இழுத்து அனுப்பச் சொல். அது போதும் எனக்கு.

மாமா


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. இருவரும் நலம். மன்னித்துக்கொள்ளுங்கள், எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் தூங்கும் நேரத்துக்கு வைக்கப் பொறுமையில்லை. விடுதியில் வெள்ளைத்துணி வைக்கிற அறையில் நின்று படித்தேன். மேற்பார்வை அக்கா பார்த்துவிட்டு "என்ன, ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றார். "இல்லக்கா, எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் அக்டோபரில் போனார் மாமா. சண்டை சச்சரவு இல்லை. சண்டை போடவாவது ஏதாவது இருந்திருக்கலாம். "என்னால முடியலை, பொய் சொல்லிக்கிட்டு இருக்க முடியலை" என்றார். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஷேவிங் செட்டை மறந்துவிட்டுப் படியிறங்கினார். நானே பின்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பழக்கதோஷம். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? எனக்குப் பிறந்த வீடு என்று போக ஓர் இடம் இல்லை. இருக்கிற ஒரே பெரியவர் நீங்கள். அதுவும் அவர் வழியாகக் கிடைத்த உறவு. வழியை அவர் அடைத்துவிட்டுப் போன பிறகு நான் எந்த உரிமையில் உங்களைக் கூப்பிடுவது? வந்துவிட்டால் போதும், முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உங்கள் கடிதங்கள் ஒன்றிலும் நீங்கள் அவரை விசாரிக்கவே இல்லை. கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தேனே தவிர, ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கவில்லை பாருங்கள். மக்கு நான்.

வாருங்கள் மாமா.

உங்கள் மருமகள்

தாத்தா, நான் வாண்டு சொல்றேன், அம்மா எழுதுறாங்க. விசிலைக் கைப்பைல வைங்க. பெட்டி தொலைஞ்சா விசில் போயிடும்.


ஜூலை 2

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. மிக நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து படியேறினால் மூச்சுகூட வாங்குவதில்லை. மருந்துக்கடைக்காரர் இதை நம்ப மறுக்கிறார்.

பேனா மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, இரண்டு கேட்கிறவர்களுக்கு. மாத்திரை, சீட்டு, கண்ணாடி, விசில் எல்லாம் கைப்பையில். பிளக்கு மாற்று முனையை எலெக்ட்ரிக் கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். உன் சுவரில் நுழையாவிட்டால் சுவரை மாற்றிவிடுவோம். காலுறை போட்டுப் பழகுகிறேன். வழவழ தரையில் ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தாயிற்று.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வந்த பிறகு அவனைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று நீ தடுமாற வேண்டாம். பேசினால் கேட்டுக்கொண்டு காய் நறுக்குகிறேன். பேசாவிட்டால் சும்மா காய் நறுக்குகிறேன். எப்படியும் காய் நறுக்கத்தான் போகிறேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வா. கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம். விசில் கேட்கும்.

மாமா


நவம்பர் 3

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருவரும் நலமா? வீடு தூசி படிந்து கிடந்தது. குழாய் தானாக ஒழுகுவதை நிறுத்திவிட்டது. நான் இல்லாவிட்டால் அதற்கும் நிம்மதிபோல.

வரும்போது மறக்கக் கூடாதவற்றை நீ சொன்னாய். திரும்பும்போது மறக்காமல் இருக்க ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒரு காலுறை, குளியலறையில் சீப்பு, வாண்டுவின் புத்தகத்துக்குள் என் படிக்கும் கண்ணாடி, எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பத்திரமாக வை. அனுப்ப வேண்டாம்.

உன்னிடம் சொல்லாமல் வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனேனே, நினைவிருக்கிறதா? சாயங்காலம் போன தலையோடு திரும்பி வந்தேன். நீ என் தலையைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை, சாப்பாடு எடுத்து வைத்தாய். அன்று ரயில் ஏறி அவனைப் பார்க்கப் போயிருந்தேன்.

பாதி கட்டிய கட்டடத்தின் வாசலில் தலைக்கவசத்தோடு வந்தான். என்னைக் கண்டதும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் வாத்தியார் முன்னால் நிற்பானே, அந்த மாதிரி.

"எப்படிப்பா வந்தீங்க?"

"டிக்கெட் எடுத்துத்தான்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "திட்ட வந்தீங்களா?"

"திட்டுறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? போன்லயே திட்டியிருப்பேன்."

"திரும்பிப் போன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா."

"சொல்லமாட்டேன். போறவனைப் பிடிச்சு இழுத்தா சட்டைதான் கிழியும். நான் வாண்டுவுக்காக வந்தேன். பிள்ளை சாப்பிடும்போதெல்லாம் வாசலைப் பார்க்குது. ஞாயித்துக்கிழமையில வந்து பாரு. வர்றேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்துறதா இருந்தா, ஆரம்பத்துலயே வராதே. ஏமாத்துறது வராததைவிட மோசம்."

கவசத்தைக் கையில் சுழற்றினான். அப்புறம் கேட்டான். "நீங்க யார் பக்கம்பா?"

"நீ என் பிள்ளை. அதை யாராலயும் மாத்த முடியாது, உன்னாலயும் முடியாது. ஆனா இந்த ஊருக்கு வந்தா நான் தங்குறது அவ வீட்டுலதான்."

ரயில் நிலையம் வரை வந்தான். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "மாத்திரை எடுத்துட்டு வந்தீங்களாப்பா?" என்றான். கோபமாகவே போயிருந்தவன் நான். அந்த ஒரு கேள்வியில் என் வீராப்பெல்லாம் கரைந்துவிட்டது. பெற்ற வயிறு பெண்களுக்குத்தான் என்பார்கள். எங்களுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது அம்மா.

அவன் வருவானோ மாட்டானோ என்று தெரியாமல் உங்களுக்கு ஆசை காட்டப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் வருவதாக, போன வாரம் வந்த கடிதத்தில் வாண்டு தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அப்பா என்பதில் ஒரு புள்ளி குறைகிறது. பரவாயில்லை, வந்துவிடும்.

மாமா


டிசம்பர் 12

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

நீங்கள் அவரைப் பார்க்கப் போனது எனக்கு அன்றே தெரியும். ரயில் சீட்டு உங்கள் சட்டைப்பையில் துவைக்கும்போது கிடைத்தது. நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்ல வரவில்லை.

வாண்டு இப்போது வாசலைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்க்கிறாள். அவர் சொன்ன நேரத்துக்கு வருகிறார், பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார், கொண்டுவந்து விடுகிறார். நாங்கள் இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

போன வாரம் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வக்கீல் அம்மா கை குலுக்கினார். "இனிமே அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நிம்மதியா இருங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பனி அதிகம். உங்கள் ஊரில் மழை என்று கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஜனவரி 5

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம். மழை விட்டுவிட்டது. ரத்த அழுத்தம் உன் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஏறி, இப்போது இறங்கிவிட்டது. பயப்படாதே.

உன் கடிதம் மேல் வரி இல்லாமல் வந்திருந்தது. தபாலில் வரும்போது உதிர்ந்து போனதோ என்று உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். கீழேயும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாண்டுவின் அம்மாவாம். அவர்களை எனக்குத் தெரியும், நல்ல பெண்தான். ஆனால் எனக்கு எழுதுகிறவள் வேறு ஒருத்தி.

வக்கீல் அம்மா சொன்னது சட்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நம் வண்டியில் வந்தவர்கள் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் தன் இடம் வந்தது என்று இறங்கிக்கொள்வார். அவரோடு சேர்ந்து ஏறினவர்கள் எல்லாரும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கேட்டால் நான் சொல்வேன், அந்த வேலைதான் பார்த்தேன். அவன் இறங்கிக்கொண்டான். நன்றாக இருக்கட்டும். நானும் நீயும் வாண்டுவும் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருக்கிறோம்.

அவன் வழியாகக் கிடைத்த உறவு என்று நீ முன்பு ஒருமுறை எழுதினாய். அவன் முடிச்சுப் போட்டான், சரி. இத்தனை வருஷம் நான் இருமினால் கடல் தாண்டி விசாரித்தது யார்? அவனா?

நாளைக்கு உனக்கு மனசுக்குப் பிடித்த ஒருவர் அமையலாம். அமைந்தால் நல்லது. அப்போது என்னிடம் சொல்வதற்கு வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதே. உடனே எழுது. முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். இந்தப் பெரியவர் யார் என்று அவர் கேட்டால், மாமா என்று சொல். எந்த வழியில் மாமா என்று கேட்டால், அது கொஞ்சம் நீளமான கதை, காபி போட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்.

வாண்டுவுக்கு என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

பதில் எழுத உட்கார்ந்ததும் மேல் வரியை முதலில் எழுதிவிடு அம்மா. மற்றதை மெதுவாக யோசித்து எழுதலாம்.

மாமா